ஐஸ் தரையில் பெயர் பொறித்த வீரர்

ஒரு நொடிக்கும் குறைந்த நேரம்.

அதற்குள் ஒரு மனிதர் தரையை விட்டு எழும்ப வேண்டும். அந்தரத்தில் பம்பரம் போல நான்கு முறை சுழல வேண்டும். பிறகு ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். காலுக்கு அடியில் இருப்பதோ ஒரு மெல்லிய இரும்புக் கத்தி. இறங்கும் இடம் மண் அல்ல, மணல் அல்ல. வழுக்குகிற ஐஸ்!

இதற்கு நான்கு சுற்றுத் தாவல் என்று பெயர். ஐஸ் சறுக்கு ஆட்டத்தில் உலகப் பட்டத்துக்குப் போட்டியிடும் ஆண்கள் இதற்காகப் பல வருடம் பாடுபடுகிறார்கள். விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்து பழகுகிறார்கள்.

இந்தத் தாவலில் பல வகை உண்டு. அதில் ஒரு வகைக்குச் சால்கோ தாவல் என்று பெயர். சால்கோ என்பது ஊரின் பெயர் அல்ல. ஒரு மனிதரின் பெயர். சுவீடன் நாட்டு வீரர் உல்ரிக் சால்கோவின் பெயர்.

அவர் பத்து முறை உலகப் பட்டம் வென்றவர். ஐஸ் சறுக்கு ஆட்டத்தில் முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வாங்கிய ஆண் வீரர் அவரே. 1949-ம் ஆண்டில் அவர் காலமானார். ஆனாலும், உலகில் எங்கே சறுக்குப் போட்டி நடந்தாலும் அவர் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கிறது.

இவ்வளவு புகழ் பெற்றவரின் வாழ்க்கையில் ஒரு கேள்வி மட்டும் நிழல் போலத் தொடர்ந்து வந்தது. நடுவர்கள் சொன்ன தீர்ப்பு நியாயமானதா என்பதே அந்தக் கேள்வி.

ஏரி உறைந்தால்...

ஐஸ் சறுக்கு என்றால் என்ன? நம் ஊரில் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

பழவேற்காடு ஏரி வங்கக் கடலோடு சேரும் முகத்துவாரத்தின் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம் இருக்கிறது. அங்கே ஐஸ் என்றால் மீனுக்கும் இறாலுக்கும் போடுகிற ஐஸ்தான். பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன். வெயில் ஏறினால் எல்லாம் தண்ணீர்.

அந்த ஏரி முழுவதும் ஒரு நாள் காலையில் கல்லாக இறுகிப் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். தோணி நகராது. துடுப்பு வேண்டாம். வலை வீச இடம் இல்லை. அக்கரைக்கு நடந்தே போகலாம். சறுக்கத் தெரிந்தவர்கள் காற்றாய்ப் பறக்கலாம்.

நமக்கு இது கற்பனை. வட ஐரோப்பாவில் இது பனிக்கால வாழ்க்கை. அங்கே ஏரியும் கால்வாயும் உறைந்துவிடும். மிகப் பழைய காலத்தில் ஜனங்கள் மாட்டு எலும்பையும் குதிரை எலும்பையும் தேய்த்து, காலில் கட்டிக்கொண்டு சறுக்கினார்கள். பிற்பாடு எலும்பு போய் இரும்பு வந்தது.

இரும்புக் கத்தியைக் காலில் கட்டிக்கொண்டு கால்வாயில் சறுக்குவதில் டச்சுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பழவேற்காட்டு மக்களுக்கு டச்சுக்காரர்கள் அந்நியர் அல்ல. 1613-ம் ஆண்டில் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியவர்கள் அவர்களே. அவர்களுடைய பழைய கல்லறைகளைப் பழவேற்காட்டில் இன்றும் பார்க்கலாம். உறையும் தண்ணீரில் விளையாடி வளர்ந்தவர்கள், உறையாத ஏரிக் கரையில் வந்து வியாபாரம் செய்தார்கள்.

அந்த டச்சு நாட்டில் ஸ்கெவெனிங்கன் என்று ஒரு கடற்கரை ஊர் உண்டு. அதுவும் பழைய மீனவர் ஊர். அங்கேயும் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1892-ம் ஆண்டில் பல நாட்டுப் பிரதிநிதிகள் அந்த ஊரில் கூடினார்கள். சர்வதேச ஐஸ் சறுக்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சால்கோ பட்டம் வென்றதும், பழி சுமந்ததும், பிறகு தலைவராக அமர்ந்ததும் இந்தச் சங்கத்தில்தான்.

கோலம் போடும் ஆட்டம்

உல்ரிக் சால்கோ 1877-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் டென்மார்க் நாட்டின் தலைநகரமான கோப்பன்ஹேகன். பேரும் புகழும் பெற்றது சுவீடனில்.

சுவீடனின் தலைநகரம் ஸ்டாக்ஹோம். மேலாரன் என்ற பெரிய ஏரி பால்டிக் கடலோடு சேரும் இடத்தில் அந்த நகரம் இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். சறுக்கு ஆட்டத்துக்கு ஏற்ற ஊர்.

அந்தக் காலத்துச் சறுக்குப் போட்டியில் தாவலுக்கு அதிக மதிப்பு இல்லை. ஐஸின் மேல் கோடு போடுவதுதான் முக்கியம்.

நம் வீட்டுப் பெண்கள் வாசலில் கோலம் போடுவதை நினைத்துப் பாருங்கள். கை நடுங்காமல், கோடு பிசகாமல், தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்க வேண்டும். சறுக்கு வீரர் அதைக் காலால் செய்ய வேண்டும். மாவு இல்லை. கத்தி கிழிக்கும் கோடுதான் கோலம். எட்டு என்ற எண்ணைப் போல இரண்டு வட்டம் போட வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே மறுபடியும் மறுபடியும் சறுக்க வேண்டும். கோடு கொஞ்சம் விலகினாலும் மதிப்பெண் போய்விடும்.

ஆட்டக்காரர் ஒதுங்கியதும் நடுவர்கள் ஐஸ் மீது இறங்குவார்கள். குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். வட்டம் வட்டமாக இருக்கிறதா? கோடு இரட்டித்திருக்கிறதா? பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவார்கள்.

இதற்குப் பிறகு, விருப்பம் போல ஆடிக் காட்டும் சுற்று உண்டு. அமெரிக்க நடனக்காரர் ஜாக்சன் ஹெயின்ஸ் 1860-களில் ஐரோப்பாவுக்கு வந்து, இசைக்கு ஏற்ப ஐஸில் ஆடிக் காட்டினார். அவர் போட்ட வழி அது. 1882-ம் ஆண்டில் வியன்னா நகரத்தில் நார்வே வீரர் ஆக்செல் பால்சன் ஒரு புதுத் தாவலைச் செய்து காட்டினார். அது இன்றும் அவர் பெயராலேயே ஆக்செல் தாவல் என்று வழங்குகிறது.

இப்படிப்பட்ட காலத்தில் சால்கோ களத்தில் இறங்கினார்.

மூன்று முறை இரண்டாம் இடம்

முதல் உலகப் போட்டி 1896-ம் ஆண்டில் ருஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் நடந்தது. ஜெர்மனியின் கில்பர்ட் பூக்ஸ் வென்றார்.

மறு வருடப் போட்டி ஸ்டாக்ஹோமில். சால்கோவுக்கு அப்போது 19 வயது. இரண்டாம் இடம் கிடைத்தது. ஆஸ்திரியாவின் குஸ்தாவ் ஹூகல் முதல் இடம்.

1899-ல் மறுபடியும் இரண்டாம் இடம். முதல் இடம் ஹூகலுக்கு. 1900-லும் அதே கதை.

மூன்று முறை படியில் ஏறி, கடைசிப் படியில் நிற்க வேண்டிய நிலை. வேறு ஒருவர் என்றால் மனம் சலித்திருக்கும். சால்கோ சலிக்கவில்லை. இடையில் ஐரோப்பியப் பட்டத்தை 1898, 1899, 1900 ஆகிய மூன்று வருடமும் தொடர்ந்து வென்றார். 1901-ல் உலகப் போட்டி மீண்டும் ஸ்டாக்ஹோமுக்கு வந்தது. சொந்த ஊர் ஜனங்கள் பார்க்க, சால்கோ உலகப் பட்டத்தை வென்றார்.

அதன் பிறகு அவரை அசைக்க ஆள் இல்லை. 1901 முதல் 1905 வரை ஐந்து வருடமும் உலகப் பட்டம் அவருக்கே.

போட்டிக்கு வந்த பெண்

1902-ம் ஆண்டு உலகப் போட்டி லண்டனில் நடந்தது. அங்கே ஓர் அதிசயம்.

போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் பெண்! மேட்ஜ் சையர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. உலகப் போட்டியில் அதுவரை ஆண்களே ஆடினார்கள். சங்கத்தாருக்குத் திகைப்பு. விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பெண்கள் ஆடக்கூடாது என்று அதில் எங்கும் எழுதவில்லை. ஒரு பெண் வருவாள் என்று யாரும் நினைக்காததால் எழுதவில்லை! வேறு வழி இல்லாமல் அனுமதித்தார்கள்.

நீளப் பாவாடை அணிந்து ஆண்களோடு மோதினார் மேட்ஜ். முடிவு என்ன? முதல் இடம் சால்கோ. இரண்டாம் இடம் மேட்ஜ் சையர்ஸ். மற்ற ஆண்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

மேட்ஜ்தான் உண்மையில் வென்றிருக்க வேண்டும் என்று சால்கோ கருதி, தம் தங்கப் பதக்கத்தை அவருக்கே கொடுத்துவிட்டார் என்று சறுக்கு உலகில் இன்றும் சொல்லி வருகிறார்கள்.

சங்கத்துக்கு அவ்வளவு பெரிய மனம் இல்லை. மறு வருடமே பெண்களுக்குத் தடை வந்தது. நீளப் பாவாடை காலை மறைக்கிறது, நடுவரால் கோட்டைச் சரியாகப் பார்க்க முடியாது என்று ஒரு காரணம். நடுவர் தமக்கு வேண்டிய பெண்ணுக்கு மதிப்பெண் போட்டுவிடுவார் என்று இன்னொரு காரணம். நடுவர் தவறு செய்வார் என்பதற்காக ஆட்டக்காரிக்குத் தண்டனை!

ஆனால் அந்தத் தடையால் பெண்களின் ஆட்டம் நிற்கவில்லை. 1906-ல் பெண்களுக்குத் தனிப் போட்டி தொடங்கியது. முதல் பட்டம் மேட்ஜுக்கே. அடுத்த வருடமும் அவருக்கே. 1908-ல் ஒலிம்பிக் தங்கமும் அவருக்கே.

போகாத ஊர்

1906-ம் ஆண்டு ஆண்கள் உலகப் போட்டி ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில் நடந்தது. முதல் உலகப் பட்டம் வென்ற பூக்ஸ் அந்த நகரத்துக்காரர்.

ஐந்து முறை பட்டம் வென்ற சால்கோ அந்தப் போட்டிக்குப் போகவில்லை. அங்கே தமக்கு நியாயம் கிடைக்காது என்று அவர் அஞ்சினார். பூக்ஸின் ஊரில், பூக்ஸுக்கு எதிராக, தமக்கு யார் மதிப்பெண் போடுவார்கள் என்பது அவர் கவலை.

அவர் இல்லாத போட்டியில் பூக்ஸ் வென்றார்.

ஓட்டப் பந்தயத்தில் முதலில் கயிற்றைத் தொட்டவர் வென்றவர். படகுப் போட்டியிலும் அப்படியே. எந்தப் படகு முந்தியது என்று கரையில் நிற்கிற குழந்தைக்கும் தெரியும். சறுக்கு ஆட்டம் அப்படி அல்ல. ஐந்து நடுவர்கள் பென்சிலை எடுத்து என்ன எழுதுகிறார்களோ அதுதான் வெற்றி, அதுதான் தோல்வி. நடுவரின் மனம் சாய்ந்தால் தராசும் சாயும்.

மறு வருடம் வியன்னாவில் சால்கோ திரும்பி வந்தார். பட்டத்தை மீட்டார். 1907 முதல் 1911 வரை மறுபடியும் ஐந்து வருடம் அவர் ராஜ்யம். ஐந்தும் ஐந்தும் பத்து. இன்றுவரை வேறு எந்த ஆண் வீரரும் பத்து உலகப் பட்டத்துக்கு மேல் வென்றதில்லை.

லண்டனில் ஒரு தங்கம், ஒரு சண்டை

1908-ம் ஆண்டு சால்கோவின் வாழ்க்கையில் மறக்க முடியாத ஆண்டு. மறக்க விரும்பிய ஆண்டாகவும் இருந்திருக்கலாம்.

அந்த வருடம் ருஷ்யத் தலைநகரத்தில் ஒரு போட்டி நடந்தது. நிக்கொலாய் பானின் என்ற ருஷ்ய வீரர் சால்கோவைத் தோற்கடித்தார். பானின் என்பது ஆட்டத்துக்காக வைத்துக்கொண்ட பெயர். உண்மைப் பெயர் கொலொமென்கின்.

இருவரும் அக்டோபரில் லண்டன் ஒலிம்பிக்கில் மறுபடி சந்தித்தார்கள். ஒலிம்பிக் போட்டியில் ஐஸ் சறுக்கு ஆட்டம் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. பனிக்கால ஒலிம்பிக் என்று தனியாக ஒன்று அப்போது இல்லை. லண்டனில் இயந்திரத்தால் ஐஸ் உறைய வைத்த ஒரு கூடத்தில் போட்டி நடந்தது.

முதலில் கோடு போடும் பகுதி. ஐந்து நடுவர்கள். மூன்று பேர் சால்கோவுக்கு முதல் இடம் கொடுத்தார்கள். பானினுக்கு ஆத்திரம். நடுவர் குழு சால்கோவுக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது என்று அவர் தரப்பு குற்றம் சாட்டியது. பானின் ஆடிக்கொண்டிருந்தபோது சால்கோ கோபமாகப் பேசினார் என்றும் அந்தக் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன.

பானின் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். மீதிப் பகுதிக்கு வரவில்லை.

தங்கம் சால்கோவுக்கு. வெள்ளியும் வெண்கலமும் கூடச் சுவீடன் வீரர்களுக்கே. ரிச்சர்டு ஜோகன்சன் இரண்டாம் இடம். பெர் தோரன் மூன்றாம் இடம்.

பானின் வெறுங்கையோடு போகவில்லை. சிக்கலான சித்திரங்களை ஐஸில் வரையும் தனிப் போட்டி ஒன்று இருந்தது. அதில் அவர் தங்கம் வென்றார். ருஷ்யாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

சால்கோவின் கழுத்தில் தங்கம் இருந்தது. ஆனால் எதிரி பாதியில் விலகிப்போன போட்டியின் தங்கம் அது. இரண்டு வருடம் முன்பு நடுவர்களுக்கு அஞ்சி மியூனிக்குக்குப் போகாமல் இருந்தவர் சால்கோ. இப்போது அதே குற்றச்சாட்டு அவர் பக்கமே திரும்பிவிட்டது!

1909: புதுத் தாவல்

அடுத்த வருடம், 1909-ல், சால்கோ ஒரு புதுத் தாவலைச் செய்தார்.

சறுக்குக் கத்தியின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் நீளமாகக் குழி இருக்கும். அதனால் ஒரே கத்திக்கு இரண்டு விளிம்பு. காலின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. எந்த விளிம்பில் உடம்பின் பாரத்தைச் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் வளைந்து போகும்.

சால்கோ தாவலில், இடது காலின் உள்விளிம்பில் நின்று பின்னோக்கிச் சறுக்க வேண்டும். வலது காலை அகலமாக வீசி, அந்த வேகத்திலேயே மேலே எழும்ப வேண்டும். காற்றில் ஒரு முழுச் சுற்று. பிறகு வலது காலின் வெளிவிளிம்பில், பின்னோக்கிச் சறுக்கியபடியே இறங்க வேண்டும். வேறு சில தாவல்களில் கத்தியின் முன்நுனிப் பற்களை ஐஸில் குத்தி, அந்த ஊன்றுதலில் எழும்பலாம். இந்தத் தாவலில் அந்த உதவி கிடையாது. வளைவும் வீச்சும்தான் ஆளைத் தூக்க வேண்டும்.

பெரியவர்கள் பார்த்து வியந்தார்கள். இளைஞர்கள் பழகத் தொடங்கினார்கள். செய்தவர் பெயரே தாவலின் பெயராக நிலைத்தது.

பத்து பட்டங்களுக்கும் நடுவர்களின் கையெழுத்து தேவைப்பட்டது. இந்தத் தாவலுக்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. செய்து காட்டினார். முடிந்தது.

42 வயதில் மறுபடியும்

1911-ல் பெர்லின் நகரத்தில் பத்தாவது உலகப் பட்டம். 1913-ல் ஒன்பதாவது ஐரோப்பியப் பட்டம். பிறகு முதல் உலக மகாயுத்தம் மூண்டது. விளையாட்டு மைதானங்கள் வெறிச்சோடின. 1916-ல் நடக்க வேண்டிய ஒலிம்பிக் நடக்கவே இல்லை.

யுத்தம் முடிந்து 1920-ல் பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் நகரத்தில் ஒலிம்பிக் நடந்தது. சால்கோவுக்கு வயது 42. பேரும் பட்டமும் போதும் என்று வீட்டில் இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. கத்தியைக் காலில் மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

தங்கம் அவர் நாட்டு இளைஞர் கில்லிஸ் கிராப்ஸ்ட்ரோமுக்குக் கிடைத்தது. வெள்ளியும் வெண்கலமும் நார்வேக்குப் போயின. சால்கோவுக்கு நாலாம் இடம். ஒரே ஒரு படி தவறிப் பதக்கம் போயிற்று. வெண்கலம் வாங்கிய மார்ட்டின் ஸ்டிக்ஸ்ருட்டுக்கோ வயது 44! தம்மைவிட மூத்தவரிடம் தோற்றார் சால்கோ.

அதே ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் அமெரிக்காவின் தெரசா வெல்டு ஆடினார். அவர் சால்கோ தாவலைச் செய்தார். பாவாடை முழங்கால் வரை பறக்கிறது, பெண்ணுக்கு இது அழகல்ல என்று அவரை நடுவர்கள் கண்டித்தார்கள். ஆனாலும் வெண்கலப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. தாவலைக் கண்டுபிடித்தவருக்கு அங்கே பதக்கம் இல்லை. அந்தத் தாவலைச் செய்து திட்டு வாங்கிய பெண்ணுக்குப் பதக்கம்!

தலைவர் நாற்காலி

1925-ம் ஆண்டில் சால்கோ சர்வதேசச் சங்கத்தின் தலைவர் ஆனார். 12 வருடம், 1937 வரை, அந்தப் பதவியில் இருந்தார். ஸ்டாக்ஹோமின் புகழ்பெற்ற ஏ.ஐ.கே. விளையாட்டுக் கழகத்துக்கும் பல வருடம் தலைவராக இருந்தார்.

தலைவராகி இரண்டு வருடம்கூட நிரம்பவில்லை. பழைய பூதம் மறுபடி எழுந்தது.

1927-ல் பெண்கள் உலகப் போட்டி நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் நடந்தது. ஐந்து முறை தொடர்ந்து பட்டம் வென்ற ஆஸ்திரியாவின் ஹெர்மா சாபோ வந்திருந்தார். அவரை எதிர்த்தவர் நார்வேயின் சோன்யா ஹெனி. வயது 14.

ஐந்து நடுவர்களில் மூன்று பேர் நார்வேக்காரர்கள்! மூவரும் சோன்யாவுக்கு முதல் இடம் கொடுத்தார்கள். ஆஸ்திரிய நடுவரும் ஜெர்மன் நடுவரும் ஹெர்மாவுக்குக் கொடுத்தார்கள். மூன்றுக்கு இரண்டு. சோன்யா உலக வீராங்கனை. ஹெர்மா மனம் கசந்து போனார். அதற்குப் பிறகு உலகத் தனியாட்டப் போட்டிப் பக்கம் அவர் வரவே இல்லை.

ஐரோப்பா முழுவதும் கண்டனம் எழுந்தது. சங்கம் விழித்துக்கொண்டது. ஒரு போட்டியில் ஒரு நாட்டுக்கு ஒரு நடுவர்தான் என்று விதி வந்தது.

அப்போது சங்கத்தின் தலைமை நாற்காலியில் இருந்தவர் சால்கோ. மியூனிக்கில் நடுவருக்கு அஞ்சியவர். லண்டனில் நடுவரால் பழி சுமந்தவர். அவர் தலைமைக் காலத்தில்தான் தராசின் ஒரு ஓட்டை அடைபட்டது.

எல்லா ஓட்டையும் அடைபட்டது என்று சொல்ல முடியாது. 2002-ம் ஆண்டில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், இணையர் ஆட்டத்தில் நடுவர் தீர்ப்பு பெரிய ஊழலாக வெடித்தது. இரண்டு ஜோடிக்குத் தங்கம் கொடுத்துச் சமாளித்தார்கள். பிறகு மதிப்பெண் போடும் முறையையே மாற்றினார்கள்.

சோன்யா ஹெனி அந்தச் சர்ச்சையோடு நின்றுவிடவில்லை. 1927 முதல் 1936 வரை பத்து வருடம் தொடர்ந்து உலகப் பட்டம் வென்றார். யாருக்குச் சமம்? சால்கோவுக்குச் சமம்! தம் சாதனையை ஒரு பெண் எட்டிப் பிடிப்பதைத் தலைவர் நாற்காலியில் இருந்தே சால்கோ பார்த்தார்.

1949-ம் ஆண்டு ஏப்ரலில் ஸ்டாக்ஹோமில் சால்கோ காலமானார். வயது 71.

ஒன்று நான்கான கதை

சால்கோ போனார். தாவல் வளர்ந்தது.

அவர் சுற்றியது ஒரு சுற்று. 1955-ம் ஆண்டு உலகப் போட்டியில் அமெரிக்காவின் ரோனி ராபர்ட்சன் சால்கோ தாவலில் மூன்று சுற்றுச் சுற்றினார்.

நான்கு சுற்று முடியுமா? முடியாது என்றே பலர் நினைத்தார்கள். 1988-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் கனடா வீரர் கர்ட் பிரவுனிங், டோ லூப் என்ற வேறு வகைத் தாவலில் நான்கு சுற்று சுற்றி இறங்கினார். போட்டியில் அங்கீகரிக்கப்பட்ட முதல் நான்கு சுற்றுத் தாவல் அது. சுவர் உடைந்தது.

பிறகு கோலம் போடும் பகுதி 1990-ம் ஆண்டோடு உலகப் போட்டியிலிருந்து நீங்கியது. தாவலுக்கு மவுசு கூடியது.

1998-ம் ஆண்டு மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் இளையோர் போட்டி. அமெரிக்காவின் திமத்தி கோபெல், வயது 17. சால்கோ தாவலில் நான்கு சுற்று! உலகிலேயே முதல் முறை. ஒரு சுற்று நான்கு சுற்று ஆக 89 வருடம் பிடித்தது.

இதன் ரகசியம் என்ன? கையை விரித்துக்கொண்டு சுழன்றால் வேகம் குறையும். கையை மார்போடு சேர்த்து, காலைப் பின்னிக்கொண்டால் வேகம் கூடும். காற்றில் இருக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் உடம்பை ஒரு கம்பம் போல ஒடுக்க வேண்டும். நாலாவது சுற்று முடிகிற நேரத்தில் கையை விரித்து வேகத்தைக் கொல்ல வேண்டும். கண் இமைப்பதற்குள் பிசகினால் ஐஸில் விழ வேண்டியதுதான். இறங்கும்போது உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் விழும்.

2022-ம் ஆண்டில் அமெரிக்க இளைஞர் இலியா மாலினின், ஆக்செல் தாவலிலும் நான்கு சுற்றுக் கண்டார். ஆக்செல் மட்டும் முன்னோக்கி எழும்பும் தாவல். அதனால் அது நாலரைச் சுற்று.

இன்னும் ஒரு சம்பவம் உண்டு. 2002-ம் ஆண்டு டிசம்பரில் டச்சு நாட்டின் ஹேக் நகரத்தில் இளையோர் போட்டி நடந்தது. சங்கம் பிறந்த ஸ்கெவெனிங்கன், இந்த ஹேக் நகரத்தின் கடற்கரைதான். ஜப்பானின் மிக்கி ஆண்டோ என்ற 14 வயதுச் சிறுமி அங்கே ஆட வந்தாள். இடது காலை வளைத்தாள். வலது காலை வீசினாள். எழும்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! விழாமல் இறங்கினாள். போட்டியில் நான்கு சுற்றுத் தாவலைச் செய்த முதல் பெண் அவள். செய்தது சால்கோ தாவல்.

100 வருடம் முன்பு, 1902-ல், சால்கோ வென்ற போட்டியில் ஒரு பெண் ஆடலாமா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். 1920-ல் இதே தாவலைச் செய்த பெண்ணைக் கண்டித்தார்கள். 2002-ல் யாரும் கண்டிக்கவில்லை. அந்தச் சிறுமி எத்தனை சுற்றுச் சுற்றினாள் என்று மட்டும் எண்ணினார்கள்.

1908-ல் லண்டனில் தங்கத்துக்கு உரியவர் சால்கோவா, பானினா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இனித் தீரவும் தீராது. ஆனால் 1909-ல் அவர் எழும்பிய அந்த ஒரு சுற்றில் எந்த வழக்கும் இல்லை. உலகின் எந்தச் சறுக்குக் கூடத்திலும் தாவல் பழகுகிற பிள்ளைகள் முதலில் அந்த ஒரு சுற்றைத்தான் கற்கிறார்கள். நான்கு சுற்று அதற்குப் பிறகு.